ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப் 0.79 கிகாஹெர்ட்ஸில் நிற்கிறது, பேஸ்ட் மாற்றியும் பயனில்லை

#1 வேலந்தாவளம்_வரைபடம்

வணக்கமுங்க. மெஷின் விவரம் முதல்ல: 15.6 இன்ச் ஒர்க்ஸ்டேஷன், கோர் ஐ7 11850ஹெச், ஆர்டிஎக்ஸ் ஏ4000 8 ஜிபி, ரேம் 32 ஜிபி இரண்டு, என்விஎம்இ 1 டிபி இரண்டு, பேட்டரி 95 வாட்-அவர், அடாப்டர் 240 வாட். விண்டோஸ் 11 புரோ. கம்பெனி பேர் எழுதலைங்க, இது எந்தக் கம்பெனியிலயும் வரக்கூடியதுதான்னு படுது. வேலை என்னன்னா ட்ரோன் படங்களை மெட்டாஷேப்ங்கற மென்பொருள்ல போட்டு ஆர்த்தோ, அதாவது அளவு மாறாத ஒட்டுப்படம், எடுக்கறது, அப்புறம் சிவில் 3டி, கியூஜிஐஎஸ்னு வரைபட மென்பொருள்கள்.

ரெண்டு வாரமா டாஸ்க் மேனேஜர்ல வேகம் 0.79 கிகாஹெர்ட்ஸுக்கு மேல ஏறறதே இல்லை. 600 படம் அலைன் ஆக (ஒண்ணோட ஒண்ணு பொருந்த) அரை மணி ஆனது இப்ப நாலு மணி தாண்டுது. மவுஸ் நகர்த்தினாலே திக்குது. சில நாள் காலைல நல்லா இருக்கும், சாயங்காலம் படுத்துக்கும்.

செஞ்சது: சிப்போட சூட்டை வெளியேத்தற தகட்டுக்குக் கடத்தற பேஸ்ட் மாத்தியாச்சு. விண்டோஸ் புதுசாப் போட்டாச்சு. பயாஸ் (மெஷினை எழுப்பற அடிப்படை மென்பொருள்) புதுசு. வைரஸ் இல்லை. சர்வீஸ் கடையில மதர்போர்டுன்னு சொல்றாங்க. அதை மாத்தறதுக்கு முன்னால இங்க கேட்டுக்கலாம்னு வந்தேன்.

#2 பாலக்காட்டுக்கணவாய்

மதர்போர்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 0.79 என்பது கணக்கோடு வரும் எண். அந்தச் சிப்பின் மிகக் குறைந்த பெருக்கி 8, அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு துளி குறைவு. பெருக்கினால் 798. சூட்டால் வேகம் குறைந்தால் இப்படி ஒரே எண்ணில் அசையாமல் நிற்காது, 3.1, 2.7, 2.9 என்று ஆடும். உங்களுடையது யாரோ பிரேக்கை அடியோடு மிதித்துப் பிடித்திருக்கும் நிலை. மிதிப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

மெஷினின் வெப்பம், பவர் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ இறக்கி, சென்சார் மட்டும் என்ற பெட்டியில் டிக் போட்டுத் திறங்கள். கூடவே, வேகத்தை எது தடுக்கிறது என்று காட்டும் த்ராட்டில்ஸ்டாப். பத்து நிமிடம் வேலை கொடுத்துவிட்டு இவற்றை எழுதுங்கள்:

சிபியூ பேக்கேஜ் வெப்பநிலை. சிபியூ பேக்கேஜ் பவர், வாட்டில். த்ராட்டில்ஸ்டாப்பில் லிமிட்ஸ் பொத்தானை அழுத்தினால் வரும் சிறு சன்னலில் எந்தக் கட்டம் சிவப்பாக இருக்கிறது: தெர்மலா (சூடு), பிஎல்1 பிஎல்2-வா (பவர் வரம்பு), பிடி ப்ராக்ஹாட்டா (சிப்புக்கு வெளியிலிருந்து வரும் தடை). பேட்டரி ஏறுகிறதா.

பிறகு முக்கியமான சோதனை. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடாப்டரைப் பிடுங்குங்கள். வேகம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

#3 மீனாட்சிபுரம்_3டி

பேஸ்ட் சரியா உக்காரலைன்னு நினைக்கறேன் ப்ரோ. சாதா பேஸ்ட் இந்த மாதிரி மெஷின்ல ஆறு மாசத்துல வெளிய பிதுங்கிடும். பேஸ்ட்டுக்குப் பதிலா பிடிஎம்7950 ஷீட் போடுங்க.

#4 வேலந்தாவளம்_வரைபடம்

கணவாய் சார், எடுத்துட்டேனுங்க.

வெப்பநிலை 51 டிகிரி. பவர் 9 வாட். சிவப்பா இருக்கறது பிடி ப்ராக்ஹாட் மட்டும், மத்ததெல்லாம் சும்மா இருக்கு. பேட்டரி 91-லயே நிக்குது, செருகியிருக்கு ஆனா ஏறலைன்னு காட்டுது. அடாப்டரைப் பிடுங்கினதும் ரெண்டு செகண்ட்ல 3.9 கிகாஹெர்ட்ஸ்! திருப்பிச் செருகினா மறுபடி 0.79. ஏனுங்க, கரண்ட் குடுத்தா மெதுவாவும் குடுக்காட்டி வேகமாவும் ஓடுற லேப்டாப்பும் உண்டா?

இன்னொண்ணு. ஆன் பண்ணும்போது அடாப்டர் வகை தெரியலைன்னு ஒரு கறுப்புத் திரை வரும், தொடரன்னு ஒரு கீ அழுத்திட்டுப் போயிருவேன். அதை முதல்லயே சொல்லியிருக்கணுமோ.

#5 பாலக்காட்டுக்கணவாய்

அந்தக் கறுப்புத் திரைதான் முழு விடையும். 51 டிகிரியில் சூட்டுப் பிரச்சினை என்று எதுவும் இல்லை. உங்கள் பழைய பேஸ்ட்டும் குற்றவாளி இல்லை. பிடி ப்ராக்ஹாட் என்பது சிப்புக்கு வெளியிலிருந்து போர்டு இழுக்கும் அவசரக் கயிறு. பவர் சர்க்யூட் கொதித்தால் இழுக்கும், பேட்டரி கோளாறானால் இழுக்கும், அடாப்டர் எத்தனை வாட் என்று தெரியாமல் போனாலும் இழுக்கும். பேட்டரியில் ஓடும்போது கயிறு தளர்கிறது என்றால் மூன்றாவதுதான்.

முனை பற்றி செங்கோட்டைக்காரர் சொல்லட்டும், அவர் கை பட்ட விஷயம்.

#6 செங்கோட்டை_சாலிடர்

கூப்பிட்டதுக்கு நன்றி அண்ணாச்சி.

வரைபடம் தம்பி, உங்க அடாப்டர் முனை உருண்டையா, நடுவுல ஊசி மாதிரி ஒண்ணு நிக்குதா? அப்படித்தான் இருக்கும். அந்த ஊசி வழியா கரண்டு போகாது, தெரிஞ்சுக்கிடுங்க. வெளிச் சுவர் நெகட்டிவ், உள் சுவர் பாசிட்டிவ் 19.5 வோல்ட், நடு ஊசி வெறும் அடையாளக் கம்பி. அடாப்டருக்குள்ள சின்ன சிப் ஒண்ணு இருக்கு, சில கம்பெனியில வெறும் ரெசிஸ்டர். லேப்டாப் அந்த ஊசி வழியா “நீ எத்தனை வாட்டு”ன்னு கேக்கும். பதில் வந்தாத்தான் பேட்டரிய சார்ஜ் பண்ணும், சிப்ப அவுத்து விடும். பதில் வரலைன்னா, “எவன்னு தெரியாதவன் வீட்டுச் சோறு, கொஞ்சமாத் தின்னுக்கிடுவோம்”னு 0.79-ல உக்காந்துக்கிடும்.

இப்ப செய்ய வேண்டியது. சுவர் ஸ்விட்ச்ச அணைங்க. முனைய கையில எடுத்து, செல்போன் டார்ச்ச நேரா உள்ள அடிச்சுப் பாருங்க. ஊசி நட்டநடுவுல நிக்கணும். ஒரு முடி அளவு சாஞ்சிருந்தாலும் தெரியும், ஏன்னா சுத்தி இருக்கற இடைவெளி ஒரு பக்கம் தடிச்சும் ஒரு பக்கம் மெலிஞ்சும் இருக்கும். ஊசி அடியில இருக்கற பிளாஸ்டிக் வளையம் கறுப்பாவே இருக்கா, இல்ல பழுப்பேறி பொரிஞ்ச அப்பள ஓரம் மாதிரி இருக்கான்னு பாருங்க. பழுத்திருந்தா அங்க சூடு பிறந்திருக்குன்னு அர்த்தம். அடுத்து லேப்டாப் பக்கத்து ஓட்டையில டார்ச் அடிங்க. நடுக் குமிழ் ஆடுதா, ஒரு பக்கமா இறங்கியிருக்கா.

அப்புறம் பயாஸ்க்குள்ள போங்க. பேட்டரி, பவர் பத்தின பக்கத்துல அடாப்டர் 240 வாட்டுன்னு போட்டிருக்கணும். தெரியாததுன்னு போட்டிருந்தா, அந்தப் பக்கத்தத் திறந்து வச்சுக்கிட்டே முனைய மெல்ல மேல, கீழ, இடது, வலதுன்னு சாய்ச்சுப் பாருங்க. ஏதாவது ஒரு சாய்வுல 240 வந்துட்டுப் போச்சுன்னா தொடர்பு முறிஞ்சிருக்கு. காலைல நல்லா இருந்து சாயங்காலம் படுக்கறதுக்கும் அதான் காரணம். லேப்டாப்ப மேசையில இடம் மாத்தி வைக்கும்போதெல்லாம் கம்பி வளையும்லா.

முனைய அசைச்சு ஒண்ணும் வரலைன்னா, முனைலேர்ந்து நாலு விரக்கடை தள்ளி, ரப்பர் கழுத்து முடியற இடத்துல கம்பிய மடக்கிப் பாருங்க. உள்ள மூணு கம்பில அடையாளக் கம்பிதான் மெலிசு, முதல்ல அறுகறது அதான்.

ரெண்டு எச்சரிக்கை. ட்வீசர் விட்டு ஊசிய நிமித்தறேன்னு கரண்டு இருக்கும்போது தொடாதீங்க. ஊசியும் உள்சுவரும் ஒட்டுச்சுன்னா 19.5 வோல்ட் நேரா அடையாளக் கம்பிக்குள்ள பாயும். அடாப்டர் சிப்பும் போகும், போர்டுல சார்ஜிங் சிப்பும் போகலாம். அப்புறம் கடைக்காரர் சொன்ன மதர்போர்டு நெசமாயிரும். மல்டிமீட்டர் வச்சு அளக்கறவங்களும் இதே தப்பத்தான் பண்ணுதாக. கம்பி முனைய ஊசில பட விடாதீங்க.

ரெண்டாவது, டூப்ளிகேட் அடாப்டர். மேல 240 வாட்டுன்னு அச்சடிச்சிருக்கும், உள்ள அடையாள சிப் போலியா இருக்கும், எடை பாதிதான் இருக்கும். கையில தூக்கிப் பாத்தாலே தெரியும்.

#7 எல்லைச்சாவடி

இவ்வளவு வேலை எதுக்கு? த்ராட்டில்ஸ்டாப்பில் பிடி ப்ராக்ஹாட் பெட்டியில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் போதும். உடனே 4 கிகாஹெர்ட்ஸ். விண்டோஸ் ஆரம்பிக்கும்போதே ஓடும்படி டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிடலாம். யூடியூபில் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள்.

#8 பாலக்காட்டுக்கணவாய்

இரண்டு நிமிடச் சோதனைக்கு மட்டும் சரி. நிரந்தரமாகச் செய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே பார்ப்போம்.

240 வாட் அடாப்டரின் கரண்ட் 12.3 ஆம்பியர். தேய்ந்த முனையில் தொடர்பு எதிர்ப்பு 0.1 ஓம் என்று வையுங்கள், பெரிதாக ஒன்றும் இல்லை. 12 ஆம்பியரின் வர்க்கம் 144, அதை 0.1-ஆல் பெருக்கினால் 14.4 வாட். இவ்வளவு சூடும் ஒரு பட்டாணி அளவு பிளாஸ்டிக்குக்குள் பிறக்கிறது. சிறிய சாலிடரிங் அயர்னே 15 வாட்டில் வருகிறது. 0.79-இல் அடங்கிக் கிடந்ததால்தான் வரைபடத்தின் முனை இன்னும் உருகாமல் இருக்கிறது.

இன்னொன்று, கயிறு அறுந்துவிட்டால் நாளை பவர் சர்க்யூட் உண்மையிலேயே கொதிக்கும்போதும் யாரும் நிறுத்த மாட்டார்கள். புகை அலாரம் கத்துகிறது என்று அதன் பேட்டரியைக் கழற்றும் வேலை இது.

#9 எல்லைச்சாவடி

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடாப்டர் ஒரிஜினல், முனை நல்லது, அடையாளக் கம்பி மட்டும் அறுந்தது என்றால்?

#10 செங்கோட்டை_சாலிடர்

அப்பவும் பேட்டரி சார்ஜ் ஆகாதுல்லா. அந்தப் பெட்டி சிப்புக்கு மட்டும்தான். ரெண்டு நாள்ல பேட்டரி இறங்கிப் படுத்துக்கிடும். கம்பிய மாத்தறதுதான் வழி.

#11 வேலந்தாவளம்_வரைபடம்

பாத்துட்டேனுங்க. ஊசி சாஞ்சிருக்கு, அடி வளையம் பழுப்பு. பயாஸ்ல தெரியாதது. முனைய மேல தூக்கிப் பிடிச்சா 240 வருது, விட்டா போகுது. கோயமுத்தூர் நண்பர்கிட்ட இருந்து அதே முனை 180 வாட் அடாப்டர் வாங்கிச் செருகினேன். 180-ன்னு சரியாக் காட்டுச்சு. ஆனா அதையும் அசைச்சா போயிருது. அப்ப லேப்டாப் பக்கமும் கோளாறா?

#12 செங்கோட்டை_சாலிடர்

ரெண்டு பக்கமும்தான். சாஞ்ச ஊசி ஓட்டையத் தின்னும், பிஞ்ச ஓட்டை புது ஊசியத் தின்னும். ஒண்ண மட்டும் மாத்தினா மூணு மாசத்துல திரும்ப வந்து நிக்கும். ஜோடியா மாத்துங்க.

நல்ல சேதி என்னன்னா, ஒர்க்ஸ்டேஷன்கள்ல பெரும்பாலும் பவர் ஜாக் போர்டுல சாலிடர் பண்ணி இருக்காது. கம்பியோட தனியா ஒரு துண்டு, போர்டுல சொருகி இருக்கும். கம்பெனி இணையதளத்துல உங்க மாடலுக்கான சர்வீஸ் மேனுவல் பிடிஎஃப் இலவசமா கிடைக்கும், அதுல பார்ட் நம்பர் இருக்கு. அந்த நம்பர் சொல்லிக் கேளுங்க, மாடல் பேர் சொல்லிக் கேக்காதீங்க. ஒரே மாடலுக்கு 180 வாட் ஜாக், 240 வாட் ஜாக்னு ரெண்டு கம்பித் தடிப்பு வரலாம்.

மாத்தும் முறை: பயாஸ்ல உள் பேட்டரிய அணைக்கற வசதி இருந்தா அணைங்க. அடி மூடி ஸ்க்ரூ எல்லாத்தையும் தளத்துங்க, பாதி ஸ்க்ரூ மூடிலயே தொங்கும், பிடுங்க வேண்டாம். பிளாஸ்டிக் கார்டு ஒண்ண ஓரத்துல விட்டு நெம்புங்க. திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டர உருவறது. அப்புறம் பவர் பட்டன 30 செகண்ட் அழுத்திப் பிடிங்க, மிச்சம் இருக்கற சார்ஜ் இறங்கட்டும். ஜாக்க பிடிச்சிருக்கற இரும்புத் தகடுக்கு ஒண்ணு ரெண்டு ஸ்க்ரூ, அதக் கழட்டி, கம்பி போற பாதைய ஒரு போட்டோ எடுத்துட்டு உருவுங்க. புதுசுல அதே பாதையில கம்பிய அமுக்கணும். ஃபேன் ஓரமா விட்டா மூடி நசுக்கிரும்.

முனை நிக்கற பக்கம் மேசையில கொஞ்சம் தளர்வு விட்டு கம்பிய வைங்க. சுவர் ஓரமா லேப்டாப்பத் தள்ளி முனை முட்டிக்கிட்டு நிக்கறதுதான் பாதிக் கேசுக்குக் காரணம்.

#13 வேலந்தாவளம்_வரைபடம்

ஜாக் மாத்தியாச்சு, 0.79 ஒழிஞ்சுதுங்க! புது 240 அடாப்டர் வர்ற வரைக்கும் அந்த 180-ஐ வச்சே ஓட்டறேன். ஆனா இப்ப வேற ஒண்ணு. மெட்டாஷேப் டெப்த் மேப் (படத்துல ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரம்ங்கற கணக்கு) போடும்போது செருகியிருந்தும் பேட்டரி ஒரு மணி நேரத்துல 100-லேர்ந்து 83-க்கு வந்துருச்சு. அப்புறம் ஜிபியூ, அதான் கிராபிக்ஸ் சிப், 110 வாட்லேர்ந்து 60-க்கு விழுந்துருச்சு. கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது அடாப்டர் வண்டு மாதிரி இரையுது. லேப்டாப் மேல கை வச்சா சுருக்குன்னு இழுக்குது.

#14 பாலக்காட்டுக்கணவாய்

மூன்று தனித்தனி விஷயங்கள். பேட்டரியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

95 வாட்-அவரில் 17 சதவீதம் சுமார் 16 வாட்-அவர். ஒரு மணி நேரத்தில் போனது, ஆகவே பற்றாக்குறை 16 வாட். இப்போது செலவைக் கூட்டுங்கள்: ஜிபியூ 110, சிபியூ 45, திரை, ரேம், இரண்டு என்விஎம்இ, ஃபேன் எல்லாம் 25, உள் சர்க்யூட்டின் நட்டம் ஒரு 15. மொத்தம் 195. வருவது 180. பாக்கியைப் பேட்டரி தருகிறது. இது கோளாறே இல்லை, இந்த வகை மெஷின்கள் அப்படித்தான் வடிவமைக்கப்படுகின்றன. பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் ஜிபியூவைக் குறைத்துக் கணக்கை நேர் செய்துகொள்கிறது. 240 வந்ததும் இது தானாகச் சரியாகும்.

இதே காரணத்தால்தான் யூஎஸ்பி-சி டாக்கில் மட்டும் செருகி ரெண்டர் போடுபவர்கள் ஏமாறுகிறார்கள். சாதாரண யூஎஸ்பி-சி சார்ஜிங்கின் உச்சம் 20 வோல்ட் 5 ஆம்பியர், அதாவது 100 வாட். 2021-இல் வந்த புதிய தரம் 48 வோல்ட்டில் 240 வாட் வரை தரும், ஆனால் லேப்டாப், கம்பி, சார்ஜர் மூன்றும் அதற்கென்றே செய்யப்பட்டிருக்க வேண்டும். உங்கள் மெஷின் அந்த வகை இல்லை. டாக்கைத் திரைக்கும் நெட்வொர்க்குக்கும் வைத்துக்கொண்டு, பெரிய அடாப்டரையும் கூடவே செருகுங்கள்.

அதுவரை 180-இல் ஓட்ட ஒரு வழி. பவர் ஆப்ஷன்ஸில் அதிகபட்ச பிராசசர் நிலையை 100-இலிருந்து 99 ஆக்குங்கள். டர்போ என்ற கூடுதல் வேகம் அணைந்துவிடும், சிபியூ 2.5 கிகாஹெர்ட்ஸில் நிதானமாக ஓடும். டெப்த் மேப் கட்டத்தில் வேலை ஜிபியூவுடையது, அதனால் நேரம் பெரிதாகக் கூடாது. மெட்டாஷேப் பிரெஃபரன்சஸில் ஜிபியூ பட்டியலில் ஏ4000-க்கு மட்டும் டிக் வையுங்கள். உள்ளிருக்கும் இன்டெல் கிராபிக்ஸையும், ஜிபியூ வேலையின்போது சிபியூவையும் சேர்த்துக்கொள் என்ற பெட்டியையும் எடுத்துவிடுங்கள். அலைன் முடிந்து மெஷ் (முப்பரிமாண வலை) போடும்போது சிபியூவும் நன்றாக உழைக்கும், அப்போது 99-ஐ மறக்காமல் 100 ஆக்குங்கள். பலர் மறந்துவிட்டு மறுபடியும் இதே இழைக்கு வருவார்கள்.

எப்போதும் செருகியே வைத்திருப்பவர்கள் சார்ஜ் வரம்பை 80-இல் நிறுத்துங்கள். பயாஸிலோ கம்பெனி மென்பொருளிலோ இருக்கும். 100-இல் நிரம்பி, 45 டிகிரி சூட்டில், வருடம் முழுக்கக் கிடக்கும் லித்தியம் பேட்டரி உப்பும். முதல் அடையாளம் டச்பேட் க்ளிக் கல் மாதிரி இறுகுவது. அடுத்தது அடி மூடி மேசையில் ஆடுவது. இரண்டில் ஒன்று தெரிந்தாலும் சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்தி, பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆள் இருக்கும் ஊருக்கே போகாதீர்கள்.

#15 கம்பம்மெட்டு

இரைச்சலுக்கும் சுருக்குக்கும் நான் வர்றேண்ணே.

உங்க இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா இருக்கும். பெட்டி மேல சைன் வேவ்னு போட்டிருக்கான்னு பாருங்க. பெரிய அடாப்டர்ல உள்ள வர்ற கரண்ட்ட நேர்படுத்துற சர்க்யூட் ஒண்ணு இருக்கும். அது வழுவழுன்னு ஏறி இறங்குற அலைய எதிர்பார்த்துச் செஞ்சது. ஸ்கொயர் வேவுல வோல்டேஜ் படிக்கட்டு மாதிரி குதிக்கும், ஒவ்வொரு குதிப்புலயும் கெப்பாசிட்டர்ல கரண்ட் பாயும். அந்த அதிர்ச்சிதான் இரைச்சல். அடாப்டர் கூடுதலாச் சூடாகும், ஆயுசு குறையும். ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்குங்க, இல்லன்னா கரண்ட் இல்லாதப்ப டெப்த் மேப் போடாதீங்க.

அளவு பாக்கும்போது 240 வாட் அடாப்டர் முழு லோடுல சுவர்லேர்ந்து 270 வாட் வரைக்கும் இழுக்கும்னு வச்சுக்கங்க. மானிட்டர், ஹார்டு டிஸ்க் சேத்து 330. மேசைக்கடியில வைக்கிற 600 விஏ யூபிஎஸ் 360 வாட்தான் தரும், அதுவும் சில நிமிஷம். இன்வெர்ட்டர்ல மோடு சுவிட்ச் இருந்தா யூபிஎஸ் மோடுல வைங்க. மாறுற நேரம் குறையும். லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்குன்னு நினைப்பீங்க, ஆனா கரண்ட் மாறுற அந்த நொடியில வெளி ஹார்டு டிஸ்க் அறுந்து மெட்டாஷேப் ப்ராஜெக்ட் ஃபைல் கெட்டுப்போகும்.

லோ வோல்டேஜ்னு பயப்பட வேண்டாம். அடாப்டர் 100லேர்ந்து 240 வோல்ட் வரைக்கும் வாங்கும். 170-ல நிதானமா ஓடும். மோசம் எதுன்னா ஸ்டெபிலைசர் டக் டக்னு ரிலே மாத்துறதுதான். லேப்டாப்புக்கு ஸ்டெபிலைசர் தேவையே இல்லைண்ணே.

சுருக்குன்னா எர்த் இல்லைன்னு அர்த்தம். அடாப்டருக்குள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர் ரெண்டு, லைன்லேர்ந்து எர்த்துக்கும் நியூட்ரல்லேர்ந்து எர்த்துக்கும் இருக்கும். எர்த் கம்பி காத்துல தொங்குனா லேப்டாப் உடம்பு ரெண்டுக்கும் நடுவுல, 115 வோல்ட் பக்கம் மிதக்கும். கரண்ட் கொஞ்சம்தான், ஆள் சாகாது, ஆனா டச்பேட் தானா ஓடும், வெளி சவுண்டுல உறுமல் வரும், எச்டிஎம்ஐ செருகும்போது பொறி பறந்து போர்ட் போகும். ரெண்டு பின் கன்வெர்ட்டர் போட்டிருந்தா தூக்கிப் போடுங்க. மூணு பின் போட்டும் இழுத்தா எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு லைனுக்கும் எர்த்துக்கும் அளக்கச் சொல்லுங்க. 230 பக்கம் வரணும். உங்க பக்கம் மார்ச், ஏப்ரல்ல மண்ணு காஞ்சு எர்த் குழி செத்துப்போகும். வாரம் ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க.

#16 மீனாட்சிபுரம்_3டி

அடாப்டர்தான்னு ஒத்துக்கறேன். ஆனாலும் கணவாய்க் காத்துல வர்ற தூசிக்கு நான் சொன்ன பக்கமும் பாக்கணும். மத்தியானம் வெளிய 40 டிகிரி. என் மெஷின் 100 டிகிரி தொட்டு 2.6-க்கு இறங்கிடுது. பிடிஎம் போடலாமா வேண்டாமா?

#17 பாலக்காட்டுக்கணவாய்

உங்களுடையது உண்மையான சூட்டுக் கேஸ், அதனால் பேசுவோம். அறை 24-இலிருந்து 38-க்கு ஏறினால் சிப்பும் ஏறத்தாழ அதே 14 டிகிரி ஏறும். ஏசி அறையில் 86-இல் ஓடியது மத்தியானம் 100-ஐத் தொடுவது இயற்பியல், பேஸ்ட்டின் குற்றம் இல்லை. 100 என்பது இந்தச் சிப்புகளின் எல்லை. தொட்டதும் தானே குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது.

பேஸ்ட்டுக்கு முன் தூசி. வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் தூசி போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் ஒரு கோடு உண்டு. அங்கே தேங்காய்நார்த் துகளும் தலைமுடியும் மண்ணும் சேர்ந்து கம்பளித் துண்டு போல மெத்தையாகப் படியும். வெளியிலிருந்து அடிக்கும் காற்று அதைத் தகடுகளுக்குள்ளேயே இன்னும் இறுக்கும். ஃபேனை மட்டும் கழற்றுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று ஸ்க்ரூ, சிப் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கைத் தொட வேண்டியதில்லை. அந்த மெத்தையை ட்வீசரில் பிடித்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சும்மா சுற்றவிட்டால் பேரிங் கெடும், போர்டோடு இணைந்திருந்தால் அது டைனமோவாகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்.

இதற்குப் பிறகும் ஒரு கோர் 100, இன்னொன்று 84 என்று பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் இருந்தால்தான் பேஸ்ட் பிதுங்கியிருக்கிறது. அப்போது பிடிஎம்7950 நல்ல தேர்வு. 45 டிகிரி வாக்கில் இளகி, ஆறினால் கெட்டியாகும், ஆகவே பிதுங்கி ஓடாது. ஷீட்டை அரை மணி ஃப்ரிட்ஜில் வையுங்கள், இல்லையென்றால் மேல்தாளோடு பிய்ந்து வரும். சிப்பின் பளபளப்பான மேல்பக்கத்தை 99 சதவீத ஐசோப்ரொப்பைலில் துடைத்து, சிப் அளவுக்கு வெட்டி, ஒரு தாளை உரித்து ஒட்டி, மறு தாளை உரியுங்கள். ஹீட்சிங்கில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். அந்த வரிசையில் ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாக இறுக்குங்கள், கழற்றும்போது தலைகீழ் வரிசை. முதல் நாள் எண்களைப் பார்த்து ஏமாற்றம் வேண்டாம், சில தடவை சூடாகி ஆறிய பின்தான் படிந்து மெலியும்.

ஜிபியூ மெமரி மேலிருக்கும் சாம்பல் நிற பேடுகளைத் தேவையில்லாமல் மாற்றாதீர்கள். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங் தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாது. லிக்விட் மெட்டல் பற்றிக் கேட்க வேண்டாம். அதில் இருக்கும் கேலியம் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

#18 ஆரியங்காவு_மழை

எங்கள் பக்கம் தூசி இல்லை, ஈரம். ஏசி காரிலிருந்து இறக்கிய சில்லென்ற லேப்டாப்பை ஜூலை மழையில் உடனே திறந்தால் உள்ளே உலோகத்தில் வியர்க்கும். பையை மூடியபடியே முக்கால் மணி விட்டுவிட்டு ஆன் செய்யவும்.

பையில் வைக்கும் முன் ஸ்லீப் அல்ல, ஹைபர்னேட், அதாவது வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைவது. புதிய மெஷின்களின் ஸ்லீப் செல்போன் போல அரைத் தூக்கம். நெட்வொர்க்கைத் தேடி விழித்துக்கொண்டு பைக்குள்ளேயே கொதிக்கும். மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று பவர் ஆப்ஷன்ஸில் மாற்றிவிடலாம்.

#19 வேலந்தாவளம்_வரைபடம்

புது 240 அடாப்டர் வந்துருச்சுங்க. பயாஸ்ல 240. டெப்த் மேப்ல ஜிபியூ 110 வாட்லயே நிக்குது, பேட்டரி 80-ல அசையலை, சிபியூ 88 டிகிரி. எர்த் குழியில தண்ணி ஊத்தினதுமே சுருக்கு நின்னுருச்சு. 600 படம் 29 நிமிஷம்.

கடைசியா ரெண்டு கேள்வி. ரேமை 128 ஆக்கலாமா? இன்னொண்ணு, வாரண்டி இன்னும் எட்டு மாசம் இருக்கு. கோயமுத்தூர்ல வாங்கினது, நான் இருக்கறது கேரளாப் பக்கம், ஏதாவது தொந்தரவு வருமா?

#20 பாலக்காட்டுக்கணவாய்

வாரண்டி முதலில். ஆன்சைட் என்றால் ஆள் வருவது நீங்கள் பதிவு செய்திருக்கும் பின்கோடுக்கு. கம்பெனி தளத்தில் சீரியல் எண் போட்டு முகவரியைக் கேரளாவுக்கு மாற்றி வையுங்கள், பழுது வந்தபின் மாற்றினால் நாள் போகும். கூரியரில் எல்லை தாண்டி அனுப்ப நேர்ந்தால், ஜிஎஸ்டி பதிவுள்ள தொழில் என்றால் டெலிவரி சலானும், மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்பதால் இ-வே பில்லும் வேண்டும்.

போர்டை மாற்றுவார்கள் என்றால் அதற்கு முன், ட்ரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி, 48 இலக்கம், காகிதத்தில் எழுதி வையுங்கள். சாவி பூட்டப்பட்டிருக்கும் சிப் போர்டோடு போய்விடும், பிறகு ட்ரைவ் திறக்காது. பயாஸ் அப்டேட்டுக்கு முன்பும் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். பயாஸில் ஸ்டோரேஜ் எந்த முறையில் இருக்கிறது, ரெய்டா ஏஹெச்சிஐயா என்றும் குறித்து வையுங்கள். போர்டு மாற்றுபவர் அதை மாற்றிவிட்டால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும், நீங்கள் டிஸ்க் போய்விட்டது என்று நினைப்பீர்கள்.

ரேம்: அந்தச் சிப் 128 ஜிபி வரை ஏற்கும். நான்கு ஸ்லாட் உள்ள மாடலா என்று மேனுவலில் பாருங்கள். சில மெஷினில் இரண்டு ஸ்லாட் கீபோர்டுக்கு அடியில் இருக்கும். இப்போதுள்ள இரண்டோடு அதே பார்ட் நம்பரில் இன்னும் இரண்டு வாங்குங்கள். நான்கும் நிரம்பினால் 3200 வேகம் 2933-க்கு இறங்கலாம், கவலை வேண்டாம். போட்டதும் முதல் தடவை திரை ஒன்றிரண்டு நிமிடம் கறுப்பாகவே இருக்கும், மெமரியை அளந்துகொண்டிருக்கும். பயந்து பவரை அணைக்காதீர்கள். பிறகு மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று, ராத்திரி விட்டுவிட்டுத் தூங்குங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுங்கள்.

#21 செங்கோட்டை_சாலிடர்

வரைபடம் தம்பி, அந்தப் பழைய அடாப்டர தூக்கிப் போட்றாதீங்க. முனை மட்டும்தான போயிருக்கு. கம்பியோட புது முனை தனியா விக்குது, சென்னை ரிச்சி தெருவுலயும் கிடைக்கும். மூணு கம்பி சாலிடர் பண்ணா ஸ்பேர் ஆச்சு. நடுக் கம்பிய மட்டும் மாத்தி ஒட்டிராதீங்க.

#22 வேலந்தாவளம்_வரைபடம்

சரிங்க. எந்த நிறம் நடுவுதுங்க?

#23 செங்கோட்டை_சாலிடர்

நிறத்த நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய முனைய வெட்டறதுக்கு முன்னால, அடாப்டர சுவர்லேர்ந்து உருவி பத்து நிமிஷம் ஆறவிட்டு, கம்பித் தோல சீவி, மல்டிமீட்டர பீப் மோடுல வச்சு ஊசிக்கு எந்தக் கம்பி பேசுதுன்னு பாருங்க. பேசுற கம்பியில சாயம் தொட்டு வச்சுட்டு அப்புறம் வெட்டுங்க. உங்க கேசுல ஊசி அடி பழுத்திருக்கு, அதனால பேசாமலும் போகலாம். அப்ப மூணுல மெலிசு எதுவோ அதான்.